பத்திரம் பக்கா... பக்கத்துல என்ன இருக்கு? பட்டாசு மண்டலத்தில் வீடு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கம் வீடு தேடுபவர்கள் காதில் முதலில் விழும் வாக்கியம் இதுதான்: “அண்ணாச்சி, பத்திரம் எல்லாம் பக்கா. பேங்க் லோனே கிடைக்கும். கவலையே படாதீங்க.”

பத்திரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வங்கி வழக்கறிஞர் பார்ப்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதைத்தான். பக்கத்து காம்பவுண்டுக்குள் என்ன வேலை நடக்கிறது, அடியில் இருக்கும் கரிசல் மண் கோடையில் என்ன செய்யும், போர் தண்ணீரைக் குடிக்க முடியுமா? இந்தக் கேள்விகளை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் இழப்பு சின்னதல்ல. 20 லட்சம் ரூபாய் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 17,350 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 41 லட்சத்துக்கு மேல். ஆலையிலும் அச்சகத்திலும் வேலை பார்த்துச் சேர்த்த காசை ஒரே ஒரு முறைதான் இப்படிப் போட முடியும்.

பக்கத்துக் கட்டடம் ஏன் முக்கியம்?

2016 அக்டோபர் 20. தீபாவளி நெருங்கிய நேரம். சிவகாசி பைபாஸ் சாலை அருகே ஒரு பட்டாசுக் குடோனில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்தது. குறைந்தது 8 பேர் இறந்தார்கள். ஸ்கேன் சென்டருக்குள் இருந்தவர்களுக்கும் பட்டாசுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்கள் இருந்த கட்டடம் குடோனுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் சுமார் 40 பேர் பலியானார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்ல. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்த, வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

2021 ஜூன் 21-ல் தாயில்பட்டியில் வெடித்தது ஆலைகூட இல்லை. உரிமம் இல்லாமல் பட்டாசு தயாரித்த ஒரு வீடு. ஒரு குழந்தை உட்பட 3 பேர் இறந்தார்கள்.

இந்த மூன்றும் வீடு வாங்குபவருக்குச் சொல்வது ஒன்றுதான். சொந்த வீட்டுக்குள் ஒரு மத்தாப்பூகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும், அந்த வீட்டின் பாதுகாப்பு பாதி பக்கத்து இடத்தில் இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

பட்டாசு உற்பத்தி, இருப்பு, விற்பனை எல்லாம் 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும், அதன் கீழ் வந்த 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. 15 கிலோ வரையிலான சிறிய உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. அதற்கு மேல் போனால், மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், அதாவது ‘பெசோ’ தர வேண்டும். ஊரில் பேச்சுவழக்கில் “டிஆர்ஓ லைசென்ஸ்”, “சென்னை லைசென்ஸ்”, “நாக்பூர் லைசென்ஸ்” என்று சொல்வது இந்த வேறுபாட்டைத்தான். பெசோவின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

எவ்வளவு மருந்து இருக்கிறது, அது எந்த வகை என்பதைப் பொறுத்து ஆலைக்கும் வீடு, பள்ளி, மருத்துவமனை, சாலை போன்றவற்றுக்கும் இடையே குறிப்பிட்ட பாதுகாப்பு இடைவெளி இருக்க வேண்டும். கடைகளுக்கும் விதி உண்டு. தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடைகள் வீடு போன்ற கட்டடங்களில் இருந்து 50 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நிரந்தரக் கடை, மேலே ஆட்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆகவே, “கீழே பட்டாசுக் கடை, மேலே வீடு, வாடகையும் வரும்” என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆலைக்கு உரிமம் தரும்போது சுற்றிலும் வெறும் பொட்டல் காடாக இருந்திருக்கும். இடைவெளியும் சரியாக இருந்திருக்கும். பத்து வருஷம் கழித்து அந்தக் காடு பிளாட்டாகிறது, பிளாட் வீடாகிறது. ஆலை வீட்டைத் தேடி வரவில்லை. வீடுதான் ஆலையைத் தேடிப் போயிருக்கிறது. இதனால் ஆலைக்காரருக்கும் நஷ்டம். இடைவெளி குறைந்தால் அவருடைய உரிமமும் கேள்விக்குள்ளாகும். ஆனால், உயிரும் 20 வருஷக் கடனும் வீட்டுக்காரர் கணக்கில்தான் ஏறும்.

எப்படி விசாரிப்பது?

முதலில், போய்ப் பார்க்கும் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் சில நாள் மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அமைதியாக இருக்கும். புரோக்கர் அழைத்துப் போவதும் பெரும்பாலும் அந்த நாளில்தான். தீபாவளிக்கு முந்தைய உற்பத்தி மாதங்களில், வேலை நாளில், காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். குட்டி யானையும் மினி லாரியும் எந்தத் தெருவுக்குள் போய் வருகின்றன என்பதைக் கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது, தெருவுக்குள் நடக்கும் வேலை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் வீடு, மொட்டை மாடியில் காய வைத்திருக்கும் கருந்திரி, தகர செட்டில் இருந்து வரும் கந்தக வாடை, வாசலில் வெள்ளி நிறத்தில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடி. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், “அந்தத் தெருவா? யோசிச்சுக்கோங்க” என்று சொல்ல ஒருவராவது இருப்பார்.

மூன்றாவது, எழுத்துப்பூர்வமான வழி. வாங்கப் போகும் இடத்தின் சர்வே எண்ணையும் அதைச் சுற்றியுள்ள சர்வே எண்களையும் புலப்படத்தில் இருந்து குறித்துக்கொண்டு, அவற்றில் பட்டாசு ஆலை, மருந்து அறை, குடோன், கடை எதற்காவது உரிமம் தரப்பட்டிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு, பெசோவுக்கு ஒரு மனு. கட்டணம் தலா 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

வாங்கும் வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு ஆள் இருந்தால், அவர்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்கட்டு, மாடி அறை, செட் எதையும் “பூட்டிக் கிடக்கு, சாவி இல்ல” என்று சொன்னால், சாவி வரும் வரை காத்திருப்பதே சரி.

கரிசல் மண் சும்மா இருக்காது

பக்கத்தில் எந்த ஆபத்தும் இல்லை என்று உறுதியானாலும் அடுத்த கேள்வி காலுக்குக் கீழே இருக்கிறது. மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. பருத்திக்கும் கம்புக்கும் நல்ல மண். கட்டடத்துக்குக் கஷ்டமான மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலாக அஸ்திவாரம் போட்ட வீடு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். புது வீட்டில் இரண்டே வருஷத்தில் கதவு பிடிக்க ஆரம்பிப்பதும், ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் ஓடுவதும் பல நேரங்களில் இதனால்தான்.

காலி மனை வாங்கிக் கட்டுவதாக இருந்தால் மண் பரிசோதனை கட்டாயம். அதில் ஒரு சோதனை மிகவும் எளிமையானது. சலித்து உலர்த்திய மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு அதிகமாக உப்பியிருக்கிறது என்று பார்த்தால், மண்ணின் குணம் தெரிந்துவிடும். ஆழமான கரிசலாக இருந்தால், அடியில் குமிழ் போல அகன்ற ‘அண்டர் ரீம்டு பைல்’ அஸ்திவாரத்தைப் பொறியாளர்கள் பரிந்துரைப்பார்கள். அத்தகைய மண்ணில் இந்த பைல் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் போக வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

கட்டி முடித்த வீடாக இருந்தால், அஸ்திவாரம் என்ன வகை, எவ்வளவு ஆழம் என்று கேட்டு, வரைபடத்தையும் வேலை நடந்தபோது எடுத்த போட்டோவையும் வாங்கிப் பார்க்க வேண்டும். “நல்ல ஸ்ட்ராங்கா போட்டிருக்கோம்” என்பது பதில் அல்ல.

வீட்டுக்குள் என்னென்ன பார்க்க வேண்டும்?

விரிசல்: எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடுவது சகஜம். சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பைத் தொடர்ந்து போவது, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுவது, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. புதுசாகப் பெயின்ட் அடித்த வீடென்றால், மொட்டை மாடி, படிக்கட்டின் அடிப்பகுதி, பீரோவுக்குப் பின்பக்கம் என்று பெயின்ட் ஒழுங்காகப் போகாத இடங்களைப் பார்க்க வேண்டும். ஆலைகளுக்குச் சற்று தள்ளியிருக்கும் பழைய வீடுகளில், வெடிவிபத்தின் அதிர்வில் கூரைப் பூச்சு விழுந்ததா, ஜன்னல் கண்ணாடி மாற்றினார்களா என்றும் கேட்கலாம்.

தரையும் கூரையும்: ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். ‘டொக்கு’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. கூரையில் துருக் கறை தெரிந்தாலோ, பூச்சு உப்பியிருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடிக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால், கான்கிரீட்டை உடைக்காமலே அதன் உறுதியை ஓரளவு சொல்லும் ‘ரீபவுண்டு ஹாமர்’ சோதனையைப் பொறியாளரை வைத்துச் செய்யலாம்.

மின்சாரம்: மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து பார்க்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர் வீட்டில் கேட்க வேண்டும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் பரிசோதித்துச் சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத நிலையில் 2,000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடு 1.5 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது.

மழை: பலத்த மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய்ப் பார்த்தால், தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். எப்போதும் காய்ந்து கிடக்கும் ஊர் என்பதால் ஓடையையும் கண்மாய் வரத்துக் காலையும் மறந்துவிடுகிறோம். தண்ணீர் மறப்பதில்லை.

பத்திரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பதிவுத் துறை இணையதளத்தில் வீட்டில் இருந்தே பார்க்கலாம். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஓடை, ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு என்று ‘அ’ பதிவேட்டில் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பஞ்சமி நிலமா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டியல் சமூக மக்களுக்காக ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது.

மனை அங்கீகாரத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்பது போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகளைக் கொண்டுவந்தது. சிவகாசி ஸ்கேன் சென்டர் விபத்து நடந்த அதே தேதி என்பதால், இந்த ஊர்க்காரர்களுக்கு அதை நினைவில் வைப்பது கஷ்டமில்லை. பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிவகாசியும் திருத்தங்கலும் 2021-ல் இணைந்து மாநகராட்சியானவை. அதற்கு முந்தைய கட்டட அனுமதியும் வரி ரசீதும் பழைய நகராட்சி பெயரில் இருக்கும். இப்போதைய வரி விதிப்பு எண்ணோடு அவை பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

தொழிலுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது வழக்கமான விஷயம். அசல் பத்திரத்தை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி, அந்தச் சொத்தின் மீது வங்கிக் கடன் இருக்கிறதா என்று தேடலாம். “பவர் இருக்கு, அது போதும்” என்பதும் செல்லாது. பொது அதிகார ஆவணத்தை வைத்துக்கொண்டு மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் வீட்டைக் கையில் வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டுநர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்து தர வேண்டும்.

கடைசியாக இரண்டு வேலைகள்

ஒன்று, ஒப்பந்தம். அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் கிரய ஒப்பந்தத்தில், “பொறியாளர் அறிக்கை, தண்ணீர் சோதனை, உரிமம் குறித்த அரசுப் பதில் ஆகியவை சாதகமாக இல்லாவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். மூன்று மாத அவகாசம் வைத்தால் எல்லாச் சோதனையும் முடிந்துவிடும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2.7 லட்சம் கட்டத் தயாராக இருப்பவர், சோதனைச் செலவைப் பார்த்துத் தயங்கத் தேவையில்லை.

இன்னொன்று, காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தீயோடு வெடிப்பினால் வரும் சேதமும் அடங்கும். வங்கி கேட்கிறதே என்று கையெழுத்துப் போடாமல், விதிவிலக்குகளைப் படித்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது நியாயமா? இல்லை. ஒரு நிலத்தின் மீது 30 வருஷத்துக்கு முன் வாங்கிய கடனை வில்லங்கச் சான்றில் யாரும் பார்க்கலாம். அதே நிலத்துக்கு அடுத்த சர்வே எண்ணில் இன்றைக்கு இருக்கும் மருந்து அறையைப் பற்றி அந்தச் சான்றில் ஒரு வரியும் இருக்காது. உரிமம் பெற்ற ஒவ்வொரு ஆலை, குடோன், கடையின் சர்வே எண்ணும் அதற்குரிய பாதுகாப்பு இடைவெளியும் அரசு அலுவலகக் கோப்புகளில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை மாவட்ட நிர்வாகமும் பெசோவும் ஒரே வரைபடமாக இணையத்தில் வெளியிட வேண்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போதே அந்த இடைவெளியை அளந்து அனுமதி வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைத் தயாரிக்கும் மாவட்டம் இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. தொழிலும் வேண்டும், அதில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொந்த வீடும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்பதை வாங்குபவர் டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நிலை மாற வேண்டும். அந்த வரைபடம் வரும் வரை, பத்திரத்தைப் புரட்டும் அதே பொறுமையோடு தெருவையும் நாலு முறை சுற்றி வந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.